இரண்டு வல்லிபுரங்கள்

தீபாவளிக்கு யாராவது ஊசிப்பட்டாசு கொளுத்தினாலே காதைப் பொத்திக்கொண்டு உள்ளறைக்குப் போகிறவன் நான். அப்படிப்பட்டவனை அமெரிக்க ராணுவத்தின் வீரச் செயல்களை நினைவுகூரும் ஒரு வேலைக்காக யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள் என்றால், அனுப்பியவர்களுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம். போன காரியம் நல்லபடியாக முடிந்துவிட்டது. அதனால்தான் இவ்வளவு தெம்பாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் இருப்பது டெக்சாஸில், ராணுவ முகாம் ஒன்றை ஒட்டிய சின்ன ஊர். அங்கே பொது நூலகத்தில் வேலை. வருடா வருடம் நவம்பரில் நூலகத்தில் ஒரு கண்காட்சி வைப்போம். எங்கள் ஊர்க்காரர்களில் போர்முனையில் துணிச்சலாக நடந்துகொண்டவர்கள், தலைமை தாங்கி மற்றவர்களைக் காப்பாற்றியவர்கள், ஆளுக்கு ஒரு பலகை. கொரியாவின் பனிக்குள் தன் ஆட்களைத் தேடித் திரும்பிப் போன பண்ணைக்காரர் மகன் ஒருவர். வியட்நாமில் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது நடக்க முடியாத நோயாளிகளைக் கட்டில் கட்டிலாகத் தரைக்கு இறக்கிய நர்ஸ் ஒருவர். அதிகாரிகள் எல்லாம் விழுந்த பிறகு, பயந்து போன பையன்களைத் திட்டித் திட்டியே ஒழுங்காகப் பின்வாங்க வைத்த சமையற்காரர் ஒருவர். பலகையில் ஒரு படம், நடந்த சம்பவம், அடியில் வீட்டார் சொன்ன ஒரே ஒரு வரி. அந்த நர்ஸின் பலகையில் அவர் தங்கை சொன்ன வரி: "வீட்டில் பல்லியைக் கண்டால் ஊரைக் கூட்டுவாள்." பார்க்க வருகிறவர்கள் படத்தைப் பார்த்த கையோடு நேரே அந்த வரிக்குத்தான் போவார்கள்.

இந்த வருடப் பலகைகளில் ஒன்று சார்ஜன்ட் வல்லிபுரத்துக்கு. ஆப்கானிஸ்தானில் காயம்பட்டுத் திரும்பி, இப்போது எங்கள் ஊரிலேயே பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். அவருடைய சொந்தப் பெயர் செந்தூரன். வல்லிபுரம் அவர் அப்பா பெயர். தகப்பன் பெயரைக் கடைசியில் எழுதப்போய் அதுவே குடும்பப் பெயராக ஒட்டிக்கொள்வது நமக்கெல்லாம் நேர்வதுதான். என் அப்பா கோவிந்தராஜன் கும்பகோணத்தில் காலமாகிப் பல வருடம் ஆகிறது. டெக்சாஸ் பல் டாக்டர் இன்றைக்கும் அவரைத்தான் உள்ளே கூப்பிடுகிறார். வல்லிபுரம் என்ற நீளம் ராணுவத்துக்குத் தாங்கவில்லை. கூட இருந்தவர்கள் "வேலி" என்று சுருக்கிவிட்டார்கள். அவர்கள் மனதில் ஆங்கிலத்துப் பள்ளத்தாக்கு. எனக்குக் கேட்டதென்னவோ முள்வேலிதான்.

வீட்டார் வரி கேட்டு அவரிடம் போனபோது செந்தூரன் ஒரு நிபந்தனை போட்டார். "ஐயா சொன்னாரெண்டால் பலகையை வையுங்கோ. சொல்லாட்டி இறக்கிப்போடுங்கோ. அவர் என்னோடை கதைக்கிறேல்லை."

அப்பா இவருக்குக் கதை சொல்வதை நிறுத்திவிட்டாராக்கும் என்று நான் ஒரு கணம் நினைத்துவிட்டேன். பேசுவதில்லை என்று சொல்கிறார் என்பது புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. காரணத்தையும் நூலகப் படியில் உட்கார்ந்து அவரே சொன்னார். போர்க்காலத்தில் உடுப்புப் போட்டவர்கள் வீட்டுக்குள் வந்து இவருடைய அண்ணனைக் கூட்டிப் போனார்கள். அவன் திரும்பவில்லை. எந்த உடுப்பு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எந்தச் சீருடையும் கண்ணில் படாத தூரத்துக்கு இவன் போகட்டும் என்று அப்பா இருந்த படகையும் விற்று இளையவனைக் கடல் கடக்க வைத்தார். இளையவன் வந்து சேர்ந்த நாட்டில் வேலையில்லாமல் திண்டாடி, கடைசியில் சேர்ந்தது ராணுவத்தில். சீருடைப் படம் ஊருக்குப் போன நாளிலிருந்து அப்பா போனுக்கு வருவதில்லை. தங்கை சுகந்திதான் இருவருக்கும் நடுவில்.

எனக்குக் கும்பகோணத்தில் அக்கா மகன் கல்யாணம் இருந்தது. "அங்கிருந்து பக்கம்தானே, ஒரு எட்டுப் போய் வந்துவிடு" என்றார் எங்கள் நூலகத் தலைவி மார்த்தா. உலக வரைபடத்தில் எல்லாமே பக்கம்தான்.

யாழ்ப்பாணத்தில் இறங்கிய முதல் நாள் மழை. ஐப்பசி மழைக்குக் கும்பகோணமும் யாழ்ப்பாணமும் ஒன்றுதான், குடையைத் திருப்பிப் போட்டுவிட்டு நனைக்கும். பசியோடு ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடைக்குள் ஒதுங்கினேன். கொத்து ரொட்டி போடுகிற சத்தத்தைக் கேட்டு என் காது தானாகப் பொத்திக்கொள்ளப் பார்த்தது. இரண்டு தகடும் தோசைக்கல்லும் சேர்ந்து அப்படி ஒரு போர். தட்டில் வந்த பிறகு சமாதானம் ஆனேன்.

கடைக்காரர் நிசாம் என் பேச்சைக் கேட்டுவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தார். சின்ன வயதில் ஊரிலுள்ள முஸ்லிம்கள் எல்லோரோடும் சேர்த்து அவர் குடும்பத்தையும் வெளியேற்றிவிட்டார்கள். புத்தளத்தில் வளர்ந்து, கல்யாணம் கட்டி, தலை நரைத்த பிறகு திரும்பி வந்திருக்கிறார். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் தேநீரை என் பக்கம் நகர்த்திவிட்டு ஒரு யோசனை சொன்னார்.

"நான் திரும்பி வந்த நேரம் பழைய பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பாத்தும் ஒண்டும் கதைக்கேல்லை. நானும் வாய் திறக்கேல்லை. தினமும் அவரின்ரை வாசலைத் தாண்டிப் போய்வந்தன். ஒரு நாள் அவரே கேட்டார், உங்கடை கிணத்தை இறைச்சாச்சோ எண்டு. அவ்வளவுதான், பேந்து எல்லாம் சரி. முதல் கேள்வியை அந்த மனுசன் கேக்கட்டும். நீங்கள் கேக்காதேங்கோ."

பெரிய ஞானம் கிடைத்த திருப்தியோடு போய்த் தூங்கினேன்.

மறுநாள் காலை பஸ் நிலையத்தில் என் ஞானம் முழுவதும் ஓர் எழுத்தில் கவிழ்ந்தது. ஒரு பஸ்ஸின் மேல் சாய்ந்தபடி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவரிடம் செந்தூரனின் ஊரான தொண்டைமானாற்றுக்கு எது போகும் என்று கேட்டேன். அவர் தாடையை அசைத்து "உது போகும்" என்றார். எனக்கு "இது" என்று கேட்டது. அவர் சாய்ந்திருந்த பஸ்ஸில் ஏறி, சன்னலோரம் பிடித்து, நன்றாகத் தூங்கியும் போனேன். அவர் சொன்ன உது, என் முதுகுக்குப் பின்னால் நான் தொட்டுக்கொண்டு நின்ற பஸ்.

விழித்தபோது சுற்றிலும் வாழைக்குலை, பூசணி, மூட்டை மூட்டையாக வெங்காயம். கொடிகாமம் சந்தை. "இதுக்கு மேலை பஸ் போகாது, இறங்குங்கோ" என்றார் நடத்துநர். நான் போயிருக்க வேண்டிய இடத்தைச் சொன்னதும் பக்கத்திலிருந்த முருங்கைக்காய்க்காரம்மா ஒரு கட்டுக் காயை மடியில் வைத்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு அவரே பாடமும் நடத்தினார்.

"எனக்குக் கிட்ட இருந்தால் இது. அங்கை தூரத்திலை எண்டால் அது. உங்களுக்குக் கிட்ட இருக்கிறது உது. உங்கடை நாட்டிலை உது இல்லையோ?"

"இல்லீங்க. எங்களுக்கு இதுவும் அதுவும்தான்."

"அப்ப இடையிலை இருக்கிறதுக்கு என்ன செய்வியள்?"

எங்களிடமும் ஒரு காலத்தில் இருந்தது, இலக்கணப் புத்தகத்தில் படித்துப் பரீட்சை எழுதிவிட்டு மறந்துவிட்டோம். அதற்குத் தண்டனையாகப் பருத்தித்துறை பஸ்ஸில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு போனேன்.

பருத்தித்துறையில் இன்னொரு கூத்து. ஆட்டோக்காரரிடம் "வல்லிபுரம் வீட்டுக்குப் போகணும்" என்று சொல்லி ஏறினேன். அவர் காதில் வல்லிபுரம் மட்டும்தான் விழுந்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் மணல்வெளியும் பெரிய கோபுரமும் தெரிந்தன. "இதுதான் வல்லிபுரம் கோயில். ஆழ்வாரைக் கும்பிட்டிட்டு வாங்கோ, நிக்கிறன்" என்றார். வல்லிபுரம் என்று ஓர் ஊரே இருப்பதை டெக்சாஸில் எனக்கு யாரும் சொல்லவில்லை. வந்தது வந்தாயிற்று என்று, அங்கே ஆழ்வார் என்று சொல்கிற பெருமாளைக் கும்பிட்டுவிட்டு, எதிர்த் திசையில் தொண்டைமானாற்றுக்குப் போய்ச் சேர்ந்தபோது பகல் சாய்ந்திருந்தது.

வீடு கடல்நீர் ஏரி கடலோடு சேருகிற பக்கத்தில். வாசலில் தகரப் படலையைத் திறந்துகொண்டு சுகந்தி வந்தார். நாற்பதைத் தொட்ட, சிரித்த முகமான பெண். "வாங்கோ அண்ணை. காலமையிலை இருந்து பாத்துக்கொண்டிருக்கிறம், எங்கை போனீங்கள்?" என்றார். எங்கெல்லாம் போனேன் என்று சொன்னேன். முற்றத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் தலை நிமிராமலே தோள் குலுங்கச் சிரித்தார். வல்லிபுரம் ஐயா அவர்தான். எழுபதைத் தாண்டியவர், கறுத்து ஒடுங்கிய உடம்பு. இப்போது சொந்தப் படகு இல்லை. பிறர் படகுக்கு வலை செப்பம் பார்த்துக் கொடுக்கிறார்.

அந்தச் சிரிப்பை நம்பித்தான் நான் கெட்டேன். நிசாம் சொன்னதெல்லாம் பஸ்ஸிலேயே இறங்கிப் போயிருந்தது. சுகந்தி கொண்டுவந்த பால் சேர்க்காத பிளேன்ரீ ஒரு வாய் உள்ளே போனதும் போனை எடுத்துச் செந்தூரனின் படத்தை நீட்டிவிட்டு, கண்காட்சி, பலகை, நவம்பர், வீட்டார் வரி என்று மூச்சுவிடாமல் கொட்டினேன்.

அவர் போனை வாங்கிக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். படத்தில் முகத்தைவிட மார்பில் தைத்திருந்த பெயர்தான் அவர் கண்ணில் பட்டது. ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தார்.

"இதிலை என்ரை பேரெல்லோ கிடக்கு?"

"ஆமாங்க ஐயா. அங்க அவரை உங்க பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. கண்காட்சிப் பலகையிலயும் அந்தப் பேர்தான் வரும்."

"உயிரோடை இருக்கிறவன்ரை பேரைப் போட்டு என்ன நினைவுநாள்?" என்றார். குரல் உயரவில்லை. "அவன் விரும்பின உடுப்பை அவன் போட்டான். அவன்ரை பேரை அவன் போடட்டும். எனக்கு அவனைப் பற்றிச் சொல்ல ஒண்டுமில்லை."

போனை என் கையில் வைத்துவிட்டு வலையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். முற்றத்தில் நானும் பிளேன்ரீயும் மிஞ்சினோம்.

சுகந்தி ஒன்றும் நடக்காததுபோல இடியப்பமும் சொதியும் மீன் பொரியலும் வைத்தார். அந்தச் சொதியில் தேங்காய்ப்பால் மஞ்சள் நிறத்தில் என்ன செய்திருந்ததோ, துக்கத்திலும் நான்காவது முறை இடியப்பம் வாங்கினேன். எங்கள் ஊர்ப் பக்கத்துக் குருமாவை இனி இடியப்பத்தின் பக்கம் விடக்கூடாது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

"அண்ணை, தம்பி பலகையை இறக்கினால் இறக்கட்டும். அது பரவாயில்லை," என்றார் சுகந்தி தணிந்த குரலில். அவர் அக்காவா தங்கையா என்று நான் குழம்பியதைப் பார்த்துவிட்டு, "தம்பி எண்டு செல்லத்துக்குத்தான் சொல்லுறனான், எனக்கு மூத்தவன்தான்," என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "போன மாதம் கேட்டவன், ஐயாவின்ரை குரல் இப்பவும் பழையபடி கணீரெண்டு இருக்கோ எண்டு. ஒரு சொல்லு எண்டாலும் அவனுக்குக் கேக்கவேணும். அதுக்குத்தான் உங்களை அனுப்பியிருக்கிறான். பலகைக்கு இல்லை."

இதைச் சொதப்பிவிட்டேனே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. ஐயா சந்நிதிக்கு வருவார். நீங்களும் வாங்கோ. ஆனால் ஒண்டும் கதைக்காதேங்கோ," என்றார் அவர்.

செல்வச்சந்நிதி முருகன் கோயில் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். ஏரிக்கரையில், கோபுர ஆடம்பரம் அதிகமில்லாத கோயில். அங்கே பூசை செய்கிறவர் வாயைத் துணியால் கட்டிக்கொள்கிறார். மந்திரமே கிடையாது. எங்கள் ஊர்க் கோயில்களில் ஒலிபெருக்கி வைத்துச் சாமியைத் தூங்கவிடாமல் செய்கிறோம். இங்கே மணிச்சத்தமும் கற்பூரமும் மட்டும், மற்றதெல்லாம் மௌனம். அந்த வாய்கட்டுத் துணியைப் பார்த்ததும் எனக்கென்றே கட்டியதுபோல இருந்தது. நானும் உதட்டை இறுக்கிக்கொண்டேன்.

வல்லிபுரம் ஐயா எனக்கு நாலு பேர் தள்ளி நின்றார். மடத்தில் அன்னதானத்துக்கு எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, மோர். நான் சாப்பிட்டேன், அவர் சாப்பிட்டார். கை கழுவினோம். ஏரிக்கரை மரத்தடியில் அவர் போய் உட்கார்ந்தார். நானும் போய் உட்கார்ந்தேன். வாய் திறப்பதில்லை என்று இருந்த எனக்கு அது எவ்வளவு பெரிய தவம் என்று என் மனைவியைக் கேட்டால் தெரியும்.

"இவ்வளவு நேரமும் நீர் ஒண்டும் கதைக்கேல்லை," என்றார்.

"இல்லீங்க ஐயா."

"நேற்று நிப்பாட்டாமல் கதைச்சனீர்."

"தப்புதாங்க."

தண்ணீர்ப் பக்கம் திரும்பினார். எதிர்க்கரையில் ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது, அதுவும் பறக்கிற மாதிரி இல்லை.

"அவன் என்ன செய்தவன்?"

முதல் கேள்வி வந்துவிட்டது. நிசாமுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். பலகையில் எழுதியிருந்ததைச் சொன்னேன். முன்னால் போன வண்டி கண்ணிவெடியில் சிக்கியது. அதிகாரி நினைவிழந்துவிட்டார். எல்லாப் பக்கமும் துப்பாக்கிச் சூடு. வறண்ட ஆற்றுப்படுகையைத் தாண்டிக் காயம்பட்டவர்களைத் தூக்கி வந்தது செந்தூரன். காலில் குண்டு பட்ட பிறகும் மற்றவர்களுக்கு ஒவ்வொன்றாக உத்தரவு கொடுத்து, யாரும் சிதறி ஓடாமல் பார்த்துக்கொண்டார்.

அவர் முகத்தில் மாற்றம் எதுவும் இல்லை. "அங்கை வீடுகள் இருந்ததோ?" என்றார்.

"இருந்துச்சுங்க."

"வீட்டுக்குள்ளை போனவையோ?"

அவர் கேட்க நினைத்தது இதைத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. மகன் எத்தனை பேரைக் காப்பாற்றினான் என்பது அவருக்குப் பெரிதில்லை. உடுப்புப் போட்டவர்கள் ஒரு வீட்டு வாசலுக்கு வந்தபோது இவன் என்ன செய்தான், அதுதான் தெரிய வேண்டும். நல்லவேளையாக எனக்குப் பதில் தெரிந்திருந்தது. பலகையில் அது இல்லை. செந்தூரனின் கீழ் வேலை பார்த்த ஒரு பையன் எங்கள் ஊரில் கார் மெக்கானிக்காக இருக்கிறான், அவன் சொன்னது.

ஒரு மண்வீட்டுப் பக்கமிருந்து குண்டு வந்ததாக எல்லோருக்கும் தோன்றியிருக்கிறது. கூட்டாளிகள் விழுந்த ஆத்திரத்தில் இவர்களுடைய துப்பாக்கிகள் அந்த வீட்டின் பக்கம் திரும்பிவிட்டன. உள்ளே ஒரு குழந்தை அழுகிற சத்தம். செந்தூரன் நொண்டிக்கொண்டே ஓடிப்போய் அந்த வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றுவிட்டார். ஒருவரும் உள்ளே போகக்கூடாது, ஒருவரும் சுடக்கூடாது என்று கத்தினார். ஒருவரும் போகவில்லை, சுடவுமில்லை. உள்ளே ஒரு கிழவரும் பெண்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். துப்பாக்கி எதுவும் இல்லை.

"அந்த மெக்கானிக் பையன் என்கிட்ட சொன்னான்: 'அன்னிக்கு நான் சுட்டிருப்பேன். வேலி வந்து நின்னதால என் பிள்ளைங்க முகத்தை இன்னிக்கு நான் நிம்மதியா பார்க்க முடியுது'ன்னு."

"ஆர் வேலி?"

"உங்க பேர்தாங்க ஐயா. அவங்களுக்கு முழுசாச் சொல்ல வராது. வல்லிபுரத்தைச் சுருக்கி வேலின்னு ஆக்கிட்டாங்க."

"வேலியோ!" என்றார். அவர் வாயோரம் அசைந்தது. பிறகு மெதுவாக, "ஆரைப் பாத்துக்கொண்டு நிண்டவன்?" என்று கேட்டார்.

"தன்னோட ஆளுங்களைப் பார்த்துக்கிட்டு. வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு."

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்தார். பிரித்து மறுபடி மடித்தார்.

"எங்கடை படலையிலை அண்டைக்கு ஒருத்தரும் நிக்கேல்லை," என்றார். "நான் கடலிலை."

கொக்கு பறந்துபோய்க் கொஞ்ச தூரத்தில் மறுபடி இறங்கியது. அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"உவன்ரை கால் இப்ப சுகமோ? சுகந்தியோடை கதைக்கேக்கை நோகுதெண்டு சொன்னது காதிலை விழுந்தது."

உவன். கொடிகாமத்தில் முருங்கைக்காய்க்கார அம்மாவிடம் பாடம் படிக்காதிருந்தால் எனக்கு இது பிடிபட்டே இருக்காது. நேற்று முழுக்க, இப்போது கொஞ்சம் முன்பு வரையிலும், மகன் அவருக்கு அவன்தான். தூரத்தில் இருக்கிற அவன். இப்போது அந்தத் தூரத்தை விட்டு என் பக்கத்துக்கு, அவருக்குக் கொஞ்சம் கிட்ட, நகர்ந்து வந்துவிட்டான். எனக்கு எழுந்து நின்று கூத்தாட வேண்டும்போல இருந்தது. கோயில் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

"பரவாயில்லீங்க ஐயா. குளிர்காலத்துல கொஞ்சம் வலிக்கும். பஸ் ஓட்டுறார், பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு."

"ம்." எழுந்தார். நாலடி நடந்தவர் நின்று திரும்பினார். "உவையள் கேட்ட வரியை இப்பிடி எழுதும். என்ரை பேர்தான். உவனே வைச்சிருக்கட்டும்."

அந்த மரத்தடியிலேயே மார்த்தாவுக்கு ஆங்கிலத்தில் அனுப்பப் பார்த்தேன். மற்றதெல்லாம் வந்தது, உவன் மட்டும் வரவில்லை. அவனும் உவனும் ஆங்கிலத்தில் ஒரே ஆள். கடைசியில் விட்டுவிட்டேன், பலகையில் தமிழிலும் போட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். அன்று பகல் முழுவதும் எனக்குக் காற்றில் நடப்பதுபோல இருந்தது. மறுநாள் சனிக்கிழமை மதியம் சுகந்தி பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சினார். நண்டும் இறாலும் மீனும் பயற்றங்காயும் ஒரே சட்டியில். மூன்று கிண்ணம் குடித்துவிட்டு இடுப்பு வேட்டியைத் தளர்த்திக் கட்டினேன். ஐயாவும் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தார். கும்பகோணத்தில் மீன் கிடைக்குமோ என்று கேட்டார். காவிரி மீன் என்றேன். பாவம் என்பதுபோலப் பார்த்தார்.

அன்றிரவு, டெக்சாஸில் விடிந்து நூலகம் திறக்கிற நேரம், வீடியோ அழைப்பு. மார்த்தா வீட்டாரைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்றார். பள்ளி இல்லாத நாள், செந்தூரனும் நூலகத்துக்கு வந்துவிடுவார். ஐயாவுக்குச் சொன்னோம். "நீங்கள் கதையுங்கோ. எனக்கு வேலை கிடக்கு," என்று நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் முற்றத்து விளக்கடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். மடியில் வலை. நானும் சுகந்தியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு வரி கிடைத்ததே போதும் என்று தேற்றிக்கொண்டேன். ஆனாலும் மனது கேட்கவில்லை, போனின் சத்தத்தை முழுதாகக் கூட்டி, முற்றம் பின்னால் தெரியும்படி சுகந்தி கையில் கொடுத்தேன்.

மார்த்தா திரையில் வந்தார். பின்னால் பலகைகள் வரிசையாக நின்றன. செந்தூரன் கொஞ்சம் தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். சுகந்தியைப் பார்த்துத் தலையசைத்தவர், அவருக்குப் பின்னால் முற்றத்தில் தெரிந்த முதுகைப் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு கண் அங்கேயே நின்றுவிட்டது.

"விழாவில் ஒவ்வொரு பெயராக நான் கூப்பிட வேண்டும். பெரியவருடைய பெயரை நான் கொலை செய்துவிடக்கூடாது. சரியாகச் சொல்கிறேனா பாருங்கள்," என்றார் மார்த்தா. "சார்ஜன்ட் வாலிப்பூரம்."

"இல்லை மார்த்தா," என்றேன்.

"வள்ளிபோரம்."

முற்றத்திலிருந்து ஒரு முணுமுணுப்பு வந்தது. "வல்லிபுரம்."

மார்த்தாவுக்குக் காது கூர்மை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கிற வாத்தியார்போல, ஓரெழுத்தும் பிசகாமல் கூப்பிட்டார். "சார்ஜன்ட் வல்லிபுரம்!"

"ஓம்!"

இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது. அங்கே செந்தூரன் விறைத்து நின்று சொன்னார். இங்கே ஐயா நாற்காலியை விட்டே எழுந்து, கணீரென்று சொல்லிவிட்டார். மடியிலிருந்த வலை காலடியில் விழுந்தது. சுகந்தி போனை உயர்த்தி அவர் பக்கம் நீட்டினார்.

"யார் பதில் சொன்னது?" என்று மார்த்தா ஆங்கிலத்தில் கேட்டார். நான் வாய் திறக்கவில்லை.

"ஐயா," என்றார் செந்தூரன். "நீங்கள் சொல்லுங்கோ."

வல்லிபுரம் ஐயா வலையைத் தாண்டிப் போனுக்கு முன்னால் வந்தார். திரையில் தெரிந்த மகனின் முகத்துக்கு நேரே குனிந்தார்.

"இல்லை," என்றார். "உன்னைத்தான் கூப்பிடுறா. நீ சொல்லு."